விரிவுரையா, வகுப்பில் விவாதமா, திட்டப்பணியா: பொறியியல் மாணவருக்கு எது கைகொடுக்கும்?

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்துவிட்டால் பினாங்கில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகமா, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமா? பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பினர். அதனால் முறையான அங்கீகாரம் பெற்ற பட்டமா என்று பார்த்துக்கொண்டால், பட்டம் வெளிநாட்டில் செல்லுமா என்ற கவலை பெரும்பாலும் தீர்ந்தது. வகுப்பில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

வழக்கமான விரிவுரையில், நல்ல ஆசிரியர் அமைந்தால் பாடம் கோவையாக மனதில் பதியும். ஆனால் யாருக்குப் புரியவில்லை என்பது தேர்வு வரை அவருக்கே தெரியாது. கரும்பலகையில் அவர் கணக்குப் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஒரு உத்தரத்தில் எந்தெந்த விசைகள் செயல்படுகின்றன என்று மாணவரையே வரையச் சொன்னால் குட்டு வெளிப்படும்.

இரண்டாவது முறை அதைத்தான் செய்கிறது. ஆசிரியர் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார். மாணவர்கள் பக்கத்தில் இருப்பவருடன் வாதாடி விடை சொல்வார்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் சுமார் 22 விழுக்காடு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பிறகு ஆங்கில விரிவுரையில் உட்காரும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். மண்டபத்தில் கை தூக்கக் கூச்சப்படுகிறவர், பக்கத்து நண்பரிடம் "எனக்குப் புரியலடா" என்று சொல்லிவிடுவார். என் வாக்கு இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப் படித்த இயற்பியல் மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். "சார் சொல்லியே தரல, எங்களையே கேட்கிறார்" என்று பிள்ளை குறைப்பட்டால் உடனே ஆசிரியரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் திட்டப்பணி: மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிஜப் பிரச்சினைக்குத் தீர்வு காண்பதன் மூலம் கற்பது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்தே இந்த வழியில் நடக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த அனுபவம் அவசியம். ஆனால் அடிப்படை உறுதியாகாத முதலாண்டில், வழிகாட்டி இல்லாமல் விட்டால், ஒருவர் சுற்றமைப்பைச் செய்வார், ஒருவர் அறிக்கை எழுதுவார், மற்றவர்கள் பெயரை மட்டும் போடுவார்கள்.

பல்கலைக்கழகத் திறந்தநாளுக்குப் போனால் ஆய்வுக்கூடத்தைப் பார்த்ததோடு திரும்பாதீர்கள். டுடோரியல் எனப்படும் சிறுகுழு வகுப்பில் எத்தனை பேர், அதை நடத்துவது யார், குழுப்பணியில் ஒவ்வொருவருக்கும் தனியாக மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமே கேளுங்கள்.