பொன்ரூன் படகில் ஸ்கொட்டி 1106: மெசின் திறம், பூட்டுகிற இடம்தான் விசயம்

மெசினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் கதைக்க அதிகம் இல்லை. ஸ்கொட்டி 1106, கரண்டில் சுற்றுகிற டவுன்ரிகர், அதாவது கம்பியில் குண்டைக் கட்டித் தூண்டில் இரையை ஆழத்துக்கு இறக்கிவைக்கிற மெசின். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிட்னி என்ற ஊரில் இருக்கிற கனடாக் கம்பனி. 30 அங்குலக் கை, தூண்டில் தடியைச் செருக ஒரு குழல், எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று காட்டும் எண்ணி, எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய அடித்தட்டு எல்லாம் பெட்டியோடேயே வரும். இறக்க லீவரை மெல்லத் தளர்த்தினால் போதும். தூக்கச் சுவிட்சைத் தட்டினால் குண்டு மேலே வந்து, கம்பியில் கோர்த்த மணி கையின் நுனியில் முட்டியதும் தானாக நிற்கும். இரண்டு வாங்கினேன், இரண்டும் நல்ல சாமான். பத்துக்கு ஒன்பது.

மிச்சம் எழுதுவதெல்லாம் அதைப் பொன்ரூனில் எங்கே, எதன்மேல் பூட்டுவது என்பதைப் பற்றித்தான். டவுன்ரிகரின் அடித்தட்டு, தடித்த விளிம்புள்ள மீன்பிடிப் படகை மனதில் வைத்துச் செய்தது. பொன்ரூனில் அப்படி ஒரு விளிம்பே கிடையாது. இரண்டு அலுமினியக் குழாய், மேலே பலகைத் தளம், தளத்தைச் சுற்றி ரெயில் என்கிற ஒரு வேலி. அவ்வளவுதான் படகு.

எங்களுடையது 22 அடி. மீன் பிடிக்கவென்று ஒரு போட், பிள்ளைகளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு சுற்றவென்று இன்னொரு போட் வைத்திருக்க நான் வங்கி நடத்தவில்லை. ஓடுவது ஒன்ராறியோவில் இருக்கிற சிம்கோ ஏரியில். பாரி நகரம் இருக்கிற கெம்பன்ஃபெல்ட் குடாதான் ஏரியில் ஆழமான இடம், ஏறத்தாழ 41 மீட்டர். யூலை பிறந்து மேல்தண்ணி சூடாகத் தொடங்கினால் லேக் ட்ரவுட் மீன் 10 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிற குளிர்ந்த தண்ணியைத் தேடிக் கீழே போய்விடும். 60 அடி, 80 அடி, சிலவேளை அதற்கும் கீழே. அங்கே இரையைக் கொண்டுபோய் ஒரே ஆழத்தில் வைத்து இழுக்க டவுன்ரிகரை விட நேர்த்தியான வழி எனக்குத் தெரியாது. 10 இறாத்தல் ஈயக்குண்டு உருக்குக் கம்பியில் இறங்கும். தூண்டில் நூல் அதில் ஒரு கிளிப்பில் கவ்வியிருக்கும். மீன் அடித்தால் நூல் கிளிப்பிலிருந்து கழன்றுவிடும், பிறகு உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் பாரம் எதுவும் இல்லை.

சாமான் வந்த அன்று மச்சான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டான்: "அத்தான், ரெயிலிலை கிளாம்ப் போட்டால் அஞ்சு நிமிச வேலை. ஏன் மினக்கெடுறியள்?"

"அஞ்சு நிமிசத்திலை பூட்டினது அஞ்சு நிமிசத்திலை கழண்டும் போகும். பொறடாப்பா."

அவன் மட்டும் சொன்னதில்லை. படகுத்துறையில் பூட்டிக் கொடுக்கிற ஒருவரும் அதையேதான் சொன்னார், மணித்தியாலக் கணக்கில் கூலியும் சொன்னார். வேலியின் சட்டம் ஒன்றேகால் அங்குலச் சதுரக் குழாய், சுவர் மெல்லிசு. சின்னப் பாதங்களில் நின்று, சின்ன ஆணிகளால் தளத்தோடு பிடித்திருக்கிறது. கை வைத்துச் சாயவும் பிள்ளைகள் தண்ணிக்குள் விழாமல் இருக்கவும் போட்ட வேலி. அதில் டவுன்ரிகரைக் கவ்வ வைப்பது முருங்கைக் கொப்பில் ஊஞ்சல் கட்டுகிற வேலை. சும்மா தொங்கும்போது ஒன்றும் செய்யாது. 10 இறாத்தலை எந்தச் சட்டமும் தாங்கும்.

கணக்கு அங்கே இல்லை. குண்டு அடியில் மரக்குத்தியிலோ கல்லிடுக்கிலோ மாட்டினால் என்ன நடக்கும் என்பதுதான் கணக்கு. டவுன்ரிகரில் வழக்கமாகப் போடுகிற கம்பி 150 இறாத்தல் இழுவை தாங்கும். அதாவது அறுவதற்கு முன்னம் அவ்வளவு பாரத்தையும் உங்கள் படகுக்குக் கடத்தும். கை இரண்டரை அடி நீளம். 150-ஐ இரண்டரையால் பெருக்கினால் 375 அடி-இறாத்தல் திருகுவிசை அந்தச் சின்ன அடித்தட்டின் நாலு ஆணியில் வந்து விழுகிறது. பின்னால் ஆட்களோடும் மோட்டரோடும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட படகு, காற்று பிடிக்கிற வேலியோடு, நகர்ந்துகொண்டே இருக்கிறது. அறுவது கம்பியாக இருக்கவேண்டும். வேலியாக இருந்தால், அதில் சாய்ந்துகொண்டு நிற்கிற ஆளும் சேர்ந்து போவார். வெளிப்பக்கம் பிதுங்கி, தகடு கிழிந்த வேலியோடு துறைக்குத் திரும்பிய ஒரு பொன்ரூனைப் போன வருசம் கண்டேன். கிளாம்ப் அப்படியே கெட்டியாகத்தான் இருந்தது.

ஆகவே பாரம் தளத்துக்குப் போகவேண்டும். தளத்திலும் வெறும் பலகைக்கு இல்லை. முக்கால் அங்குலப் பிளைவூட்டுக்குக் கீழே, குழாய்க்குக் குழாய் குறுக்காக அலுமினியச் சட்டங்கள் ஓடுகின்றன. 16 அங்குலத்துக்கு ஒன்றோ 24 அங்குலத்துக்கு ஒன்றோ, படகைப் பொறுத்தது. அவைதான் படகின் எலும்பு. படகு ரெயிலரில் நிற்கும்போதே கீழே மல்லாந்து படுத்து லைட் அடித்துப் பார்க்கவேண்டும். நாங்கள் மேலே பென்சிலால் அடையாளம் வைத்த வலப்பக்க மூலைக்கு நேர் கீழே பெற்றோல் குழாய் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு போனது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரிப்பு மட்டும்தான். டிரில் முனை அரை அங்குலம் கூட இறங்கினால் குழாய்தான். நாலு அங்குலம் முன்னுக்குத் தள்ளி அடையாளத்தை மாற்றினோம். இன்னொன்று, எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் மிதக்கிற குழாயில் ஒரு ஓட்டையும் போடக்கூடாது. அது காற்றறை.

உயரமும் யோசிக்கவேண்டிய சங்கதி. தளத்தோடு பூட்டுவதுதான் பலம் என்று வேலிக்கு வெளியே, பின் விளிம்பில் நேரே பதித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் கிளிப் மாட்டுவதற்கு வேலிக்கு மேலால் குனிந்து தொங்கவேண்டும். ஓடுகிற படகில், பின்பக்கத்தில், மோட்டரின் காற்றாடிக்கு (புரொப்பெல்லருக்கு) கிட்ட. அதை விடப் பேசாமல் கரையில் இருக்கலாம். எனவே தளத்தில் கால் ஊன்றி, வேலியின் மேல்மட்டத்துக்கு வருகிற ஒரு தூண் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்தேன். நகரத்துக்கு வெளியே, பனிக்காலத்தில் பனி தள்ளுகிற கலப்பைகளை ஒட்டிக் கொடுக்கிற மனிதர். விளம்பரமில்லை, வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை. நான் கடதாசியில் கீறிக்கொண்டு போனதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று படகுக்கு அடியில் தானே படுத்தார். அப்போதே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. ஒரு அடிக்கு ஒரு அடி, கால் அங்குலத் தடிப்பில் 6061 ரக அலுமினியத் தகடு. அதன்மேல் மூன்று அங்குலச் சதுரக் குழாய்த் தூண், அடியில் நாலு பக்கமும் முக்கோண முட்டு. உச்சியில் ஸ்கொட்டியின் அடித்தட்டு அமர்கிற அளவுக்கு இன்னொரு தகடு. தளத்துக்குக் கீழே, இரண்டு குறுக்குச் சட்டங்களையும் எட்டிப் பிடிக்கிற நீளத்துக்கு ஒரு தாங்குதகடு. எட்டாத தகடு பலகையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், நனைந்து உழுத்தால் அதோடு சேர்ந்து வரும். எல்லாவற்றையும் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு வரை பார்த்து அளந்து வெட்டினார். இரண்டு தூணுக்கும் கேட்ட காசு ஒரு மெசினின் விலையில் பாதியளவு வந்தது. மெசினுக்கு ஒன்பது போட்ட நான் இவருக்குப் பத்துப் போடுவேன்.

ஆணி விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எட்டில் மூன்று அங்குல, 316 ரக ஸ்ரெயின்லெஸ் போல்ட், அகலமான வாஷர், நைலோன் வளையம் உள்ள நட். மர ஆணி கூடவே கூடாது. பலகையில் போட்ட ஒவ்வொரு ஓட்டையின் உட்சுவரிலும் எபொக்சி தடவிக் காயவிட்டோம், பிளைவூட்டின் வெட்டுவாயில் தண்ணி ஏறினால் ஒரு கோடை கூடத் தாங்காது. ஸ்ரெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும். அதற்கு டெஃப்-ஜெல் என்ற பசை, சின்னக் குழாய், விலையைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் வேலை செய்கிறது. தகட்டுக்கு அடியில் 3எம் 4200 என்ற ஒட்டுப்பசை பூசினோம். அதே கம்பனியின் 5200 இன்னும் பலம்தான், ஆனால் அது நிரந்தரமாக ஒட்டிவிடும். நாளைக்குப் படகை விற்கும்போது தூணைக் கழற்ற நினைத்தால் பலகையும் பெயர்ந்து வரும்.

வயரிங் சுருக்கமாக. மோட்டரை ஸ்டார்ட் பண்ணுகிற பற்றறியில் கொழுவவில்லை, தனியாக ஒரு டீப்-சைக்கிள் பற்றறி. ஏரி நடுவில் மீனா மோட்டரா என்ற கேள்வி வரக்கூடாது. ஈயம் பூசிய செப்பு வயர், 8 கேஜ், பற்றறிக்கு ஒட்டினாற்போல 30 அம்பியர் பிரேக்கர். தூணுக்குள்ளாலேயே வயரை மேலே எடுத்தோம், காலில் தட்டுப்படாது.

எந்தப் பக்கம் பார்க்கவைத்துப் பூட்டுவது என்பதிலும் பொன்ரூனுக்கென்று சில தொல்லைகள் உண்டு. பின்கதவை மறைக்கக்கூடாது, ஏணியை மறைக்கக்கூடாது. தண்ணிக்குள் விழுந்தவர் ஏறி வருகிற ஒரே வழி அதுதான். கூரைத் துணியின் சட்டம் பின்னுக்கு மடிந்து கிடக்கும்போது தூண்டில் தடியின் நுனி அதில் இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எங்களுக்கு இடித்தது. தடிக் குழலை வெளிப்பக்கம் சரித்து வைத்துச் சமாளித்தோம். கை பின்பக்கமாக நேரே நீண்டால் திருப்பத்தில் கம்பி காற்றாடியை நோக்கி வரும், பக்கவாட்டில் நீட்டுவதே நல்லது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. குண்டு மேலே வரும்போது அலையில் ஆடும், 10 இறாத்தல் ஈயம் மெல்லிய அலுமினியக் குழாயில் மோதினால் சொட்டை நிச்சயம். 30 அங்குலக் கை எங்கள் குழாயைத் தாண்டிப் போதுமான தூரம் நிற்கிறது. 60 அங்குலம் வரை நீள்கிற புரோபாக் மொடலும் இருக்கிறது, ஆனால் கை இரண்டு மடங்கானால் திருகுவிசையும் இரண்டு மடங்கு. பொன்ரூனுக்கு அது தேவையில்லாத வேலை.

தண்ணியில் இறக்க முன்னம் ஒன்று செய்யுங்கள். மீன் நிறுக்கிற தராசைக் கம்பியில் கொழுவிக் கையால் இழுத்து, 40 இறாத்தல் அளவில் கம்பி சுற்றியிருக்கிற டிரம் வழுக்கத் தொடங்குகிற மாதிரி லீவரை வையுங்கள். இறுக்கிப் பூட்டி வைப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். இங்கே இறுக்கம்தான் ஆபத்து.

அது எதற்கென்று குடாவின் வடகரைப் பக்கம் ஒருநாள் தெரிந்தது. மணிக்கு இரண்டு மைல் வேகம், குண்டு 85 அடியில். ஆழம் காட்டுகிற சோனார் திரையில் ஏரியின் அடி மெல்ல உயர்ந்து வந்ததை மச்சான் கவனிக்கவில்லை, அவன் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். முதலில் கையின் நுனி பின்னுக்கு வளைந்தது. பிறகு டிரம் கிர்ரென்று உறுமிக்கொண்டு கம்பியை விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. எண்ணி 90, 95 என்று ஏறியது. தூணின் அடியைப் பார்த்தேன், தகடு ஒரு மயிரிழை கூட எழும்பவில்லை. வேலி சும்மா நின்றது, தூண் அதைத் தொடவே இல்லை. நியூட்ரலில் போட்டு, மற்றக் குண்டை மேலே எடுத்து, கம்பி காற்றாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி மெதுவாக வளைத்து வந்த வழியே போனோம். மாட்டின இடத்துக்கு நேர் மேலே வந்ததும் குண்டு தானாகக் கழன்றது.

"அத்தான், கம்பி வெட்டுற குறடு எங்கை?" என்று அப்போதுதான் கேட்டான். தூணிலேயே கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கழன்றிருக்காவிட்டால் வெட்டியிருப்போம், ஈயக்குண்டு ஒரு சின்னக் காசு.

வீடு திரும்பும்போது மெசின்களைத் தூணிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். அடித்தட்டில் கொழுவியைத் தூக்கி இழுத்தால் வந்துவிடும், அரை நிமிசம் போதும். நெடுஞ்சாலை 400-இல் 30 அங்குலக் கை நீட்டிக்கொண்டு போகிற ரெயிலரை யாரும் விரும்பமாட்டார்கள். குண்டுகளை மூடியுள்ள வாளியில் போட்டு ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள், பிள்ளைகளின் கால் விரல் உயரத்தில் விடவேண்டாம். வருசா வருசம் வசந்தத்தில் படகை இறக்க முன்னம் கீழே படுத்து நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும்.

வாடகைப் பொன்ரூனில் போகிறவர்களுக்கும், படகில் ஓட்டை போட மனம் வராதவர்களுக்கும் இதை வாங்கச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஸ்கொட்டியின் கையால் சுற்றுகிற லேக்ட்ரோலர் இருக்கிறது, சின்னப் படகுக்கென்று செய்தது, விலையும் மிகக் குறைவு. நாலு இறாத்தல் குண்டு, 40 அடிக்கு மேல் போகாத ஆழம், அதற்குள் நின்றால் சரி. அதையும் வேலியில் கவ்வ வைக்காமல் ஒரு தடித்த பலகையைத் தளத்தில் வைத்துக் கட்டி அதன்மேல் பூட்டுங்கள். கட்டுவதற்கு முன்னம் படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.