மர ஆணி அடித்த கதவு என்று நம்பி ஏமாந்தோம்: கதவு செய்யக் கொடுப்பவர்கள் கவனம்

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நானுஓயாவில் இருக்கும் எங்கள் புது வீட்டுக்குக் கடந்த டிசம்பரில் பலா மரத்தில் முன்கதவு ஒன்று செய்யக் கொடுத்தோம். கழுந்து வைத்து, மர ஆணி அடித்த கதவுதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி நெடுக்குச் சட்டத்துக் குழிக்குள் செருகுவதுதான் கழுந்து, அந்த இணைப்பைத் துளைத்து அடிப்பது மர ஆணி. தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்த அப்பா, அப்படிப்பட்ட கதவைத்தான் நாள்தோறும் திறந்து மூடியவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்திலேயே அவருக்கு அந்த ஆசை. "சரி, ஆணி வெளிய தெரியிற மாதிரியே செஞ்சு தாரேன்" என்றார் தச்சு வேலை செய்யும் பாஸ். பேசிய விலை 95,000 ரூபாய். 80,000 முன்பணமாகக் கொடுத்தோம். பில் வாங்கவில்லை, அது என் தவறு.

ஜனவரி கடைசியில் கதவு வந்தது. மூலைக்கு இரண்டு வட்ட ஆணித் தலை, மேலே பளபளவென்று வார்னிஷ். அப்பா தடவித் தடவிப் பார்த்தார். ஜூன் மழையில் கீழ்ச் சட்டம் விரல் நுழையும் அளவுக்கு விலகி, கதவு தொங்கித் தரையில் உரசியது.

தலவாக்கலையில் மரவேலை செய்யும் மாமா வந்து கதவைக் கழற்றிக் கிடத்தினார். இரண்டு தட்டுத்தான், குறுக்குச் சட்டம் கையோடு வந்துவிட்டது. கழுந்தின் நீளம் முக்கால் அங்குலம்தான். சந்தெல்லாம் மரத்தூளும் கம்மும் குழைத்து அடைத்திருந்தது. மர ஆணி என்று நாங்கள் நம்பியவை மேலாக ஒட்டிய வில்லைகள். கழுந்தைத் தொடக்கூட இல்லை.

கம் விரலில் வெள்ளை மாவாக உதிர்ந்தது. "இது குளிர்ல ஒட்டின கம், தம்பி" என்றார் மாமா. வெள்ளை கம்மில் தண்ணீர் வற்றும்போது அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பிடிக்கும். குளிர் கூடினால் சேராமல் சுண்ணாம்பாகிவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் இங்கே உறைபனி விழும். திறந்த பட்டறையில் ராத்திரி ஒட்டினால் வேறென்ன ஆகும்? இந்த ஊரில் தொழில் செய்பவருக்கு இது தெரியாதா?

மர ஆணி முறையாக அடித்திருந்தால் கம் கைவிட்டாலும் கதவு நின்றிருக்கும். கழுந்தில் போடும் துளையை நெடுக்குச் சட்டத்துத் துளைக்கு நேராகப் போடமாட்டார்கள், கழுந்து தொடங்கும் இடமான தோள் பக்கமாக ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். நன்றாகக் காய்ந்த ஆணியை அடித்து இறக்கும்போது அதுவே குறுக்குச் சட்டத்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். மாமா இதைச் சொல்லிக்கொண்டே அந்த வில்லைகளைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த கோபத்தை மறக்க முடியவில்லை.

பாஸிடம் கேட்டால், "மழைக்கு எல்லாக் கதவும் அப்படித்தான்" என்கிறார். இப்போது போனும் எடுப்பதில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 எண்ணுக்குச் சொல்லப் போகிறேன், ஆனால் பில் இல்லாமல் பேசுவது கஷ்டம்.

செய்யக் கொடுப்பவர்கள் வார்னிஷ் அடிக்கும் முன்பே பட்டறைக்குப் போங்கள். கம் போடாமல் ஒருமுறை பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழுந்து எவ்வளவு நீளம் என்று கண்ணால் பாருங்கள். ஆணி கதவின் இரண்டு பக்கமும் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், முழு ஆணி எங்கே என்று கேளுங்கள். மிச்சப் பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.

மாமா புதுக் குறுக்குச் சட்டங்கள் செய்துகொண்டிருக்கிறார். அதுவரை வாசலில் தகரம்தான் சாத்தியிருக்கிறது. சாரல் அடிக்கும் பக்கம் அப்பா சாக்கு விரித்து வைக்கிறார்.