அம்பாசிடரின் மங்கிய விளக்குக்கு எது மருந்து: ரிலேயா, எல்இடியா?

செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை நோக்கி இரவில் போய்க்கொண்டிருந்தபோது, சாலையோரம் சென்ற மாட்டுவண்டி ஒன்றை மிக நெருங்கிய பிறகுதான் பார்த்தேன். அந்த வண்டியில் விளக்கு இல்லை. என் காரில் விளக்கு இருந்தும் பயனில்லை. எங்கள் வீட்டு அம்பாசிடர் 1986ஆம் ஆண்டின் மார்க் 4. முகத்தில் ஏழு அங்குல வட்ட விளக்குகள் இரண்டு. அன்று அவை இரண்டு அகல் விளக்குகளைப் போலத்தான் எரிந்தன.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90 என்று எரியும் 100/90 வாட் பல்பைப் போடுங்கள் என்றார் ஒருவர். இருக்கும் டூமுக்குள்ளேயே, அதாவது ரிஃப்ளெக்டரும் முகப்புக் கண்ணாடியும் சேர்ந்த கிண்ணத்துக்குள்ளேயே, எல்இடி பல்பைச் சொருகலாம் என்றார் உதிரிபாகக் கடைக்காரர். நண்பர் ஒருவர் டூமையே எடுத்துவிட்டு முழு எல்இடி விளக்கை மாட்டச் சொன்னார். இந்த மூன்றில் எதையும் சொல்லாதவர் எங்கள் தெருவின் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் மட்டுமே. "தம்பி, பல்பில் குறை இல்லை. பல்புக்கு வந்து சேர்கிற கரண்டில்தான் குறை" என்று மீட்டரை எடுத்தார்.

அந்த மீட்டர் காட்டியதை விரிவாகவே சொல்கிறேன். விளக்கு எரியும்போது பேட்டரி முனையில் 12.4 வோல்ட். அதே நேரத்தில் பல்பு ஹோல்டரின் பின்புறத்தில் 10.9. ஒன்றரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிட்டது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். எங்கள் காரில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் சாலைக்கு வந்து சேரவே இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மட்டும் மீட்டர் வைத்தால் முழு 12.4 காட்டும், வயரிங் நன்றாக இருப்பதாக நம்பி ஏமாந்துபோவோம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இதை முதலில் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கரண்ட் போகிற பாதையை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சு, அங்கிருந்து இடது காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்சு, பிறகு மீண்டும் காரின் மூக்குவரை நீளும் மெல்லிய கம்பி. நாற்பது ஆண்டு மழையும் செருப்புச் சேறும் பார்த்த டிம்மர் சுவிட்சு அது. உள்ளே பச்சை படிந்திருந்தது.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சிறு கரண்டின் கட்டளையால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சு. ரிலே முறையில் இந்த நீண்ட பாதை கட்டளை கொடுக்க மட்டுமே பயன்படுகிறது. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியில், ஃபியூஸ் வழியாக, நேராகப் போகிறது. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. எச்4 எனப்படும் வழக்கமான 60/55 வாட் இரட்டை இழை ஹாலஜன் பல்புகளோடு, கூலியும் சேர்த்து எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதன்பின் ஹோல்டரில் 12.2 வோல்ட் வந்தது. பல்பை மாட்டும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்பின் ஆயுள் குறைந்துவிடும்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்பட்ட 100/90 வாட் பல்பைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. இரண்டும் பிரைட்டில் எரிந்தால் 200 வாட், அதாவது 16 ஆம்பியருக்கு மேல். பழைய வயரிங்கில் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகும். ரிலே போட்டு வயரைக் காப்பாற்றினாலும், எங்களைப் போல் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட இன்னும் பழைய வகை டைனமோ வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு கரண்ட் எங்கிருந்து வரும்? எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ கொடுப்பது சொற்பம். எதிரே வருபவரின் கண்ணுக்கும் அது கேடு. வேண்டவே வேண்டாம்.

எச்4 ஹோல்டரில் சொருகும் எல்இடி பல்பை நண்பரிடம் இரவல் வாங்கி, பத்து மீட்டர் தள்ளிய சுவரில் அடித்துப் பார்த்தேன். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழையின் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைக்கிறது. அதனால்தான் சுவரில் வெளிச்சத்துக்கு ஒரு மேல் எல்லைக்கோடு விழுகிறது. எதிரே வருபவரின் கண் தப்புகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவே அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்இடி பல்பிலோ தடித்த பட்டையின் இருபக்கமும் ஒளி தரும் சில்லுகள். நான் பார்த்த பல்பில் எல்லைக்கோடு கலைந்து, கோட்டுக்கு மேலேயும் ஒளி சிதறியது. சாலையில் ஓட்டியபோது காருக்கு முன்னால் இருபது மீட்டர் பளீரென்று இருந்தது. ஆனால் அதுவே தீமை. அருகில் வெளிச்சம் மிகுந்தால் கண்ணின் பாவை சுருங்கும், தொலைவு இன்னும் இருட்டாகும். மாட்டுவண்டி நிற்பது அந்தத் தொலைவில்தான். இதன் நன்மையையும் மறைக்கக் கூடாது: கரண்ட் பாதிகூட ஆகாது, டைனமோவுக்கு நிம்மதி. இருந்தும் ஹாலஜனுக்காக வடிவமைத்த டூமில் இதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான போட்டி ரிலே முறைக்கும் முழு ஏழு அங்குல எல்இடி விளக்குக்கும் இடையில்தான். இதில் சில்லும் அதற்கேற்ற லென்ஸும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டிருப்பதால், நல்ல தயாரிப்பில் எல்லைக்கோடு கூர்மையாக விழுகிறது. அம்பாசிடரின் வட்டக் குழியில் நேராகப் பொருந்தும் அளவும் கிடைக்கிறது. ஆனால் இணையத்தில் விற்பவற்றில் பல, சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்தவை. டிம் ஒளி தன் ஓரத்துப் பக்கம் சற்று மேலேறும். இங்கே அது இடப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் எதிரே வரும் பஸ் ஓட்டுநரின் கண்ணில்தான் விழும். லென்ஸில் வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்து முத்திரை உள்ள விளக்காக இருந்தால் பக்கத்தில் அம்புக்குறியைத் தேடுங்கள். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் அது இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கானது, நமக்கு ஏற்றது. இருபக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

விலை பல மடங்கு. ஒரு சில்லு போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். எச்4 பல்போ விழுப்புரத்தில் இரவு எட்டு மணிக்கும் கிடைக்கும். காரின் முகமும் மாறிப்போகிறது, எனக்கு அது பெரிய இழப்பு. வாரத்தில் நான்கு இரவு நெடுஞ்சாலையில் ஓட்டுபவராக, அதுவும் டைனமோ காராக இருந்தால், இதைத்தான் வாங்கச் சொல்வேன். மாதம் ஓரிரு இரவு ஓட்டும் எனக்கு ரிலேயும் 60/55உம் போதும்.

ரிஃப்ளெக்டரை மட்டும் பழையதாக விடவில்லை. வெள்ளிப்பூச்சு உதிர்ந்திருந்தது, துணியால் துடைத்தால் மிச்சமும் வந்துவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய டூம்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் பூச்சும் இதே வயதுடையதுதான். குரோம் வளையத்தை அங்கே வாங்கிக்கொண்டு, கண்ணாடி முகப்புள்ள டூமைச் சென்னையிலேயே ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கினேன்.

பின்விளக்கில் என் தீர்ப்பு வேறு. பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது. இப்படி ஒரு விளக்கின் கரண்ட் இன்னொன்றின் வழியே திரும்ப வழி தேடினால், எர்த், அதாவது விளக்கின் கரண்ட் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டுவிட்டது என்று பொருள். பல்பை மாற்றுவது வீண் செலவு. துருவை உப்புத்தாளால் தேய்த்து, விளக்கிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி இழுத்ததும் சரியாகிவிட்டது. அதன்பின் பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5 என்று எரியும் 21/5 வாட் பல்பின் இடத்தில் சிவப்பு எல்இடி போட்டேன். இழை பல்பைவிட அது ஏறக்குறைய 0.2 நொடி முன்னதாக எரிகிறது. பின்னால் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருபவருக்கு அது நான்கு மீட்டருக்கு மேல். ஆனால் முதலில் வாங்கிய மலிவு ஜோடியில் டெயில் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பிரேக் பிடித்ததே தெரியாத விளக்கு ஆபத்து என்று அதைத் தூக்கி எறிந்தேன்.

இண்டிகேட்டரில் இழை பல்பையே விட்டுவிட்டேன். அதைச் சிமிட்டவைக்கும் பழைய பிளாஷர் சூட்டால் இயங்குவது. எல்இடி இழுக்கும் சிறு கரண்டில் அது சரியாகச் சிமிட்டாது.

கடைசி வேலை ஒளியை நேராக்குவது. டிம் ஒளியின் எல்லைக்கோடு பத்து மீட்டர் தள்ளிய சுவரில் விளக்கின் மையத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழும்படி திருகினோம். பின் சீட்டில் ஆள் ஏறினால் அம்பாசிடரின் பட்டை ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். அதனால் அம்மாவையும் இரண்டு சித்திகளையும் பின்னால் உட்காரவைத்து, கோட்டை இன்னொரு முறை பார்த்து, இன்னும் அரைச் சுற்று கீழே இறக்கினோம்.