61-வது நொடிக்கு ஒரு முழு நிமிடம்: நிமிடத் திட்டத்தோடு சில வருடங்கள்

நிமிடக் கணக்கு வைத்த செல்போன் திட்டமே போதுமா, இல்லை அன்லிமிடெட்டுக்குப் போய்விடட்டுமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். நான் அப்படியொரு திட்டத்தை வருடக்கணக்கில் வைத்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். போதும், போதாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்தான். ஆனால் அவன் கேட்ட நேரம், போன மாத அழைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். அதனால் இது கொஞ்சம் நீளும்.

மாதத்துக்கு இத்தனை நிமிடம், இவ்வளவு டேட்டா, தாண்டினால் தனிக் கட்டணம் என்கிற விவரமெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், இந்த வியாதி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதில்லை. திட்டித் தீர்ப்பதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது.

குரல் அருமையாக இருக்கிறது. பழைய செல்போன் அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலி போகும், அதனால்தான் ஸ, ஷ, ஃப எல்லாம் ஒன்றுபோலக் கேட்டு, பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. 4ஜி வழியே போகும் எச்டி வாய்ஸ் 7000 ஹெர்ட்ஸ் வரை எடுத்துப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கிறது என்று விளம்பரத்தில் சொன்னபோது சிரித்தேன், ஆனால் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது நல்லது, அந்த அழைப்புப் பட்டியல். எந்த எண்ணுக்கு, எப்போது, எத்தனை நொடி, அதற்கு எத்தனை நிமிடம் கழித்தார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். என் போனில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பேசாத அழைப்புக்கு அவர்கள் ஒரு நொடிகூட எழுதியதில்லை.

எனக்குக் கடுப்பும் அந்தப் பட்டியலில் இருந்துதான் வருகிறது. நொடிகள் ஒரு பத்தியில், கழித்த நிமிடங்கள் அதற்குப் பக்கத்துப் பத்தியில். 20 நொடி பேசினால் 1 நிமிடம். 65 நொடிக்கு 2. 125 நொடிக்கு 3. 'வந்துட்டேன், கீழே நிக்கிறேன்' என்று 10 நொடியில் வைத்தால் அதற்கும் 1. இந்த நான்கையும் கூட்டினால் நான் பேசியது 220 நொடி, அதாவது 3 நிமிடம் 40 நொடி. கழிந்தது 7 நிமிடம். ஒரு ஜாண் துணியை வெட்டிக் கொடுத்துவிட்டு ஒரு மீட்டருக்குக் காசு வாங்குவது போல. அதையும் ரசீதில் 'ஒரு ஜாண், ஒரு மீட்டர்' என்று பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

இதற்குப் பல்ஸ் என்று பெயர். கட்டணக் கணக்கில் நேரத்தை எந்தத் துண்டாக வெட்டுகிறார்கள் என்பதுதான் பல்ஸ். தொழிலில் இருப்பவர்கள் இரண்டு எண்ணாக எழுதுவார்கள், முதல் எண் குறைந்தபட்சத் துண்டு, இரண்டாவது அதற்குப் பிறகு வரும் துண்டு. 60/60 என்றால் எப்போதும் முழு நிமிடம். 1/1 என்றால் பேசிய நொடிக்கு மட்டும். 60/1 என்றால் முதல் நிமிடம் முழுசாகப் போகும், பிறகு நொடிக்கணக்கு. 30/6 என்றும் உண்டு, முதலில் 30 நொடி, அப்புறம் 6 நொடித் துண்டுகள். என்னுடையது 60/60, அதாவது இந்த நான்கிலேயே கறாரான வகை. திட்டத்தின் முதல் பக்கத்தில் இது இருக்காது. நிபந்தனைகள் பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'கால அளவு அடுத்த முழு நிமிடத்துக்கு உயர்த்தப்படும்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

இதில் எவ்வளவு போகிறது? அழைப்புகள் எந்த நொடியில் வேண்டுமானாலும் முடியலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு அழைப்புக்குச் சராசரியாக அரை நிமிடம் வீண். மாதத்துக்கு 100 அழைப்பு என்றால் 50 நிமிடம் யாரும் பேசாமலே காலி. ஆனால் இந்த 50 எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. அரை மணி நேரம் பேசுகிறவருக்கு அரை நிமிடம் என்பது தூசு, நூற்றில் இரண்டுகூட ஆகாது. 10 நொடியில் விஷயத்தை முடித்துவிட்டு வைக்கிறவருக்கு ஆறு மடங்கு. ஆக, நிமிடம் என்ற பெயரில் இந்தத் திட்டம் பாதிக்குப் பாதி எண்ணிக்கொண்டிருப்பது அழைப்புகளின் எண்ணிக்கையை. சுருக்கமாகப் பேசும் நல்ல பழக்கம் உள்ளவர்தான் இதில் அதிகம் தண்டம் கட்டுகிறார், வளவளவென்று பேசுகிறவர் ஜாலியாகத் தப்பித்துவிடுகிறார்.

கணக்கு எப்போது ஆரம்பிக்கிறது என்பதில் மட்டும் பொதுவாக நியாயம் இருக்கிறது. மணி அடிக்கும் நேரம் கணக்கில் வராது, மறுமுனை எடுத்தது என்ற சிக்னல் நெட்வொர்க்குக்கு வந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். மிஸ்டு கால் இலவசமாக இருப்பது இதனால்தான். 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்ற அறிவிப்பும் வழக்கமாக எடுத்ததாகப் பதிவாகாது. ஆனால் எடுப்பது மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. வாய்ஸ்மெயில் எடுத்தாலும் எடுத்ததுதான். ஏதாவது அலுவலகத்துக்குப் போட்டால், 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' இயந்திரம் வாயைத் திறந்த நொடியில் இருந்து நம் நிமிடம் கரைகிறது, பிறகு அந்தக் காத்திருப்பு இசை, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்ற பொய், திரும்ப இசை. கட்டணமில்லா எண் என்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம், அங்கே அழைப்புக்குக் காசு கட்டுவது மறுமுனை. ஆனால் சில திட்டங்கள் அதையும் நம் நிமிடத்தில் கழிக்கும், அதையும் எறும்பு எழுத்தில்தான் தேட வேண்டும்.

அப்புறம் அந்த 1:00. என் போன் 1:00 என்று காட்டும், பட்டியலில் 61 நொடி, 2 நிமிடம் என்று இருக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. போனின் கடிகாரம் சிக்னல் தன்னிடம் வந்து சேர்ந்த பிறகு ஓட ஆரம்பிக்கிறது, நெட்வொர்க்கின் கடிகாரம் அதன் இடத்தில் தனியாக ஓடுகிறது, வைக்கும்போதும் அதே கதை, நொடியின் பின்னத்தை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்பதிலும் வித்தியாசம் வரும். நொடிக்கணக்குத் திட்டத்தில் இந்த ஒரு நொடியை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இங்கே அதன் விலை ஒரு முழு நிமிடம். இதன் விளைவு என்னவென்றால், 50-வது நொடி தாண்டியதும் 'சரி, வச்சிடட்டுமா' என்று அவசரப்படுத்தும் ஆளாக நான் ஆகிவிட்டேன். தங்கை ஒருநாள், 'உனக்குப் பின்னால யாராவது விசில் ஊதுறாங்களா?' என்று கேட்டாள்.

எல்லாவற்றையும்விட மோசம் கால் டிராப். 63-வது நொடியில் லைன் அறுகிறது, திரும்பப் போட்டு இன்னும் 15 நொடி பேசி முடிக்கிறேன். ஒரே அழைப்பாக இருந்திருந்தால் 78 நொடி, 2 நிமிடம். இப்போது 2, அப்புறம் ஒரு 1, மொத்தம் 3. சிக்னல் மோசமாக இருந்தது அவர்கள் பக்கம், கூடுதல் நிமிடம் போனது என் பக்கம். வேண்டுமென்றே அறுக்கிறார்கள் என்று சொல்லவில்லை, அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் அறுந்தால் தங்களுக்கு லாபம் வருகிற மாதிரி ஒரு கணக்கு முறையை வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

கஸ்டமர் கேரில் பேசியபோது, 'சிஸ்டம் அப்படித்தான் சார் எடுக்கும்' என்றார்கள். எடுக்காது. நெட்வொர்க் ஒவ்வொரு அழைப்புக்கும் எழுதும் பதிவில் தொடக்க நேரமும் கால அளவும் நொடிக்கணக்கில் இருக்கிறது, நிமிடமாக உயர்த்துவது அதற்குப் பிறகு கட்டணம் போடும் மென்பொருளில், திட்டத்தை வடிவமைத்தவர் வைத்த ஒரு விதி. மாற்றச் சொன்னால் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-இல் கொண்டுவந்த ரோமிங் விதிமுறை, ஒன்றியத்துக்குள் ரோமிங்கில் பேசும் அழைப்புகளுக்கு நொடிக்கணக்கில்தான் கட்டணம் என்று சொல்லிவிட்டது. வெளியே போகும் அழைப்புக்கு மட்டும் முதல் துண்டை 30 நொடி வரை வைத்துக்கொள்ளலாம் என்றது, வரும் அழைப்புக்கு அதுவும் கிடையாது. பல நாட்டு நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொண்டு செய்யும் ரோமிங்கிலேயே நொடிக்கணக்கு சாத்தியம் என்றால், ஒரே நெட்வொர்க்குக்குள் எனக்கு மட்டும் சிஸ்டம் எப்படி அப்படி எடுக்கும்?

இன்னொன்று. இப்போது 4ஜி குரல் அழைப்பும் டேட்டா பொட்டலமாகத்தான் போகிறது. எச்டி வாய்ஸில் வழக்கமான, நொடிக்கு 12.65 கிலோபிட் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு நிமிடப் பேச்சு 95 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், பொட்டலத்தின் மேலுறைக்குக் கொஞ்சம் கூட. எச்டி வீடியோ ஒரே நொடியில் அதைவிட அதிகம் தின்கிறது. அதே திட்டத்தில் கிகாபைட்டுகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, நிமிடத்தை மட்டும் மருந்து அளப்பது போல அளக்கிறார்கள். நியாயமாகப் பேசினால் அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது: குரல் அறுபடாமல் போக நெட்வொர்க்கில் அதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும், அழைப்பு வேறு நிறுவனத்தின் எண்ணுக்குப் போனால் அந்த நிறுவனத்துக்கு நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் கொடுக்க வேண்டிய நாடுகளும் உண்டு. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவும் பேசிய நொடிக்குத்தானே, பேசாத நொடிக்கு இல்லையே.

கான்ஃபரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நானே இரண்டு பேரைக் கூப்பிட்டு மூன்று பேராக 10 நிமிடம் பேசினால் 20 நிமிடம் போகும், ஒவ்வொரு கிளையும் தனி அழைப்பு. கால் ஃபார்வர்டும் அப்படித்தான், என்னைக் கூப்பிடுகிறவர் என் எண் வரைக்கும் கட்டுகிறார், அங்கிருந்து வேறு எண்ணுக்குப் போகும் பகுதி என் கணக்கில். இதில் எனக்குப் புகார் இல்லை, நியாயம்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. மாதக் கடைசியில் எனக்கு நிமிடங்கள் மிச்சம்தான் இருக்கின்றன. பெரும்பாலான மாதங்களில் தாண்டியதே இல்லை. மிச்சம் அடுத்த மாதத்துக்கு வராமல் காலாவதியாகிவிடும், அதாவது அவர்கள் என்னிடம் இருந்து உயர்த்தி எடுக்கும் அந்த நிமிடங்களை எடுக்காமல் விட்டிருந்தாலும் அவை எனக்குப் பயன்பட்டிருக்கப் போவதில்லை. கையில் நஷ்டம் ஏறக்குறைய பூஜ்யம். எரிச்சல் மட்டும் நூற்றுக்கு நூறு. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, அந்த இரண்டு பத்திகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் உங்களுக்கும் வரும்.

அன்லிமிடெட் எப்படி என்றால், அங்கேயும் நிபந்தனை உண்டு. சிறப்பு எண்கள், வெளிநாட்டு எண்கள் பெரும்பாலும் வெளியே. 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு வரி, வணிகப் பயன்பாடு என்று நினைத்தால் நிறுத்திவிடுவோம் என்று இன்னொரு வரி. மாதம் என்பார்கள், வேலிடிட்டி 28 நாளாக இருக்கும், வருடத்துக்கு 12-க்குப் பதில் 13 முறை கட்ட வேண்டும். இருந்தாலும் அங்கே யாரும் 61-வது நொடிக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: நிமிடத் திட்டத்தை எடுக்காதே. உன் அழைப்பெல்லாம் 'எங்கே இருக்கீங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்' வகை, இந்தத் திட்டம் உன்னை மென்று துப்பிவிடும். 1 நொடி பல்ஸ் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் யோசி, அப்போதும் திட்டத்துக்குள் இருக்கும் நிமிடத்துக்கும் தாண்டிய பிறகு போடும் கட்டணத்துக்கும் ஒரே பல்ஸா என்று தனித்தனியாகப் பார், இரண்டும் வேறாக இருக்கலாம். எதை எடுத்தாலும் வெளிநாடு கிளம்பும் முன் ##002# போட்டு எல்லா ஃபார்வர்டையும் நிறுத்திவிடு. இல்லையென்றால் நீ எடுக்காத அழைப்பு உன்னைத் தேடி அங்கே வந்து, பிறகு வாய்ஸ்மெயிலுக்காகத் திரும்ப இங்கே போய், இரண்டு பயணமும் உன் தலையில் விழ வாய்ப்பு உண்டு.

நான் மாறவில்லை, மாறுவதாகவும் இல்லை. ஏன் என்று விளக்கமாகக் கேட்க வேண்டும் என்றால் நீயே கூப்பிடு. இன்கமிங் எனக்குக் கணக்கில் வராது.