எடை குறைக்கும் சைக்கிள் பயிற்சி: நிதான ஓட்டமா, விரைவு ஓட்டமா?

உடல் எடையைக் குறைப்பதற்காகச் சைக்கிளைக் கையில் எடுப்பவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேரும். மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் கொழுப்பு கரையும் என்பார் ஒருவர். அவ்வளவு நேரம் செலவிட வேண்டியதில்லை, அரை நிமிடம் முழு மூச்சாக மிதித்து, சற்றுத் தணிந்து, மறுபடியும் மிதித்தால் 20 நிமிடமே போதும் என்பார் மற்றவர். இரண்டுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் இரு தரப்பாருமே அந்தச் சான்று தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அதன் மீது பாரம் ஏற்றுகிறார்கள்.

நிதான ஓட்டத்தை ஆதரிப்போர் பெரிதும் நம்பியிருப்பது எரிபொருள் கணக்கை. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வொன்றில், உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டில், அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனில், 65 விழுக்காட்டு அளவில் மிதித்தபோது கொழுப்பு மிகுதியாக எரிந்தது. 85 விழுக்காட்டுக்கு ஏறியதும் கொழுப்பின் அளவு குறைந்து மாவுச்சத்தின் பங்கு கூடியது. இந்த முடிவில் பிழையில்லை. ஆனால் சைக்கிள் மேல் இருக்கும் நேரத்தில் எது எரிந்தது என்பதை வைத்து இடுப்புச் சுற்றளவு தீர்மானமாவதில்லை. விரைந்து ஓட்டி மாவுச்சத்தைச் செலவழித்த உடல், மீதி நேரத்தில் கொழுப்பைக் கூடுதலாகப் பயன்படுத்தி ஈடு செய்துகொள்கிறது. நாள் முழுவதற்குமான வரவு செலவே முடிவைத் தரும். ஆகவே நிதான ஓட்டம் சிறந்தது என்ற முடிவை நான் ஏற்றாலும், அதற்காகச் சொல்லப்படும் இந்தக் காரணத்தை ஏற்க இயலவில்லை.

சரியான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 475 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 70 கலோரியைக் கழித்தால், நிகரமாக 400 நிற்கும். வாரத்துக்கு 4 நாள் என்றால் 1,600. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், உணவு மாறாத நிலையில் ஐந்து வாரத்துக்கு ஒரு கிலோ குறையலாம். 25 நிமிட விரைவுப் பயிற்சியில் நிகரச் செலவு, தாராளமாகக் கணக்கிட்டாலும், 220 கலோரி அளவில்தான் இருக்கும். அதை வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் செய்யத் தொடக்கநிலையில் இருப்பவரின் கால்கள் இடம் கொடா. அந்த வழியில் ஒரு கிலோவுக்குப் பதினோரு வாரத்துக்கு மேல் ஆகும்.

விரைவு ஓட்டத்தின் பக்கம் அடிக்கடி சொல்லப்படும் பெயர் தபாட்டா. 20 விநாடி மிதிப்பு, 10 விநாடி ஓய்வு என்ற அந்த முறை 1996இல் ஜப்பானில் நிலைச் சைக்கிளில் சோதிக்கப்பட்டது. அது உடலின் செயல்திறனை அளந்த ஆய்வு. எடைக் குறைப்பைப் பற்றியதன்று. பயிற்சி முடிந்த பின்னும் உடல் கலோரியை எரித்துக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான் என்றாலும், அந்தக் கூடுதல் செலவு சிறியது. விரைவு ஓட்டத்துக்கு உண்மையில் வலு சேர்ப்பது நேரச் சேமிப்பு. பருமனான பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, இரு முறைகளும் கொழுப்பை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன என்றும், விரைவு முறைக்குச் சுமார் 40 விழுக்காடு குறைவான நேரம் போதுமாயிற்று என்றும் கண்டது. நேரமே இல்லாதவருக்கு இது பெரிய நன்மை. ஆயினும் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் இரு தரப்பாருக்கும் வாரத்துக்கு மூன்று நாள்தான் பயிற்சி. மறுநாளும் அதற்கு மறுநாளும் அலுப்பின்றி ஓட்ட முடிவதே நிதான ஓட்டத்தின் பலம். அந்தப் பலம் அங்கே சோதனைக்கே வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் உண்டு. தினமும் மூச்சிரைக்க ஓட்டி, அதே சமயம் உச்சத்தையும் தொடாத வேகம் அது. புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்; மூன்றாம் வாரத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடுகிறது.

வேகத்தை மீட்டரில் பார்ப்பதும் ஏமாற்றம் தரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் நோக்கிப் போகும்போது தென்காற்று எதிரே வீசினால், மணிக்கு 20 கிலோமீட்டரே கடுமையான உழைப்பாகும். திரும்பி வருகையில் அதே 20 ஓய்வு போலிருக்கும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் அது நிதானம். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராவிட்டால் விரைவு. 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத்துடிப்பைக் கணக்கிடும் வழக்கத்தைவிட இந்தச் சோதனையே எனக்கு நம்பகமாகப் படுகிறது, ஏனெனில் அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகும். உடல் கனத்தவர்கள் இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் மிதித்துப் பழகினால் முழங்காலுக்கு நல்லது.

அதே சாலையில் ஞாயிறு காலைச் சவாரிகள் பல, சிற்றுண்டிக் கடையில்தான் முடிகின்றன. நெய் மிதக்கும் ஒரு தட்டு வெண்பொங்கல், இரண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி ஆகியவை அந்த 400 கலோரியை எளிதில் திருப்பிக் கொடுத்துவிடும். எந்த வேகத்தில் ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எனவே வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் நிதான ஓட்டத்தையே அடித்தளமாகக் கொள்வது நல்லது. முடியாதவர் விரைவுப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. நிதானமாக ஓட்டுபவரும் ஆறு, எட்டு வாரம் கழித்து வாரத்தில் ஒரு நாளை மாற்றிக்கொள்ளலாம்: 10 நிமிடம் மெல்ல ஓட்டி உடலைச் சூடேற்றிய பின், 30 விநாடி விரைவு, 2 நிமிடம் நிதானம் என ஆறு முறை. அதைப் போக்குவரத்துள்ள சாலையில் செய்யாமல், வீட்டில் நிலைச் சைக்கிளில் செய்வதே பாதுகாப்பு.