முதல் கிளப் செட்: பென் டிரைவா, கண்ட்ரோலரா?

சென்னையில் ஒரு ஹோட்டல் கிளப்பில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது ஒரு மணி நேரம். சனிக்கிழமை இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை. எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் அன்றைய முக்கிய டிஜே. அழைப்பு வந்த நாளிலிருந்து எந்தப் பாட்டைப் போடுவது என்பதைவிட வேறொரு கேள்விதான் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு வருடம் வீட்டில் பழகிய டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கண்ட்ரோலரையும் (லேப்டாப்பில் இருக்கும் பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் பலகை) லேப்டாப்பையும் எடுத்துப் போவதா? இல்லை, பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் கிளப்பில் இருக்கும் சிடிஜேக்களில், அதாவது பென் டிரைவிலிருந்து நேரடியாகப் பாட்டு ஓட்டும் பிளேயர்களில், போடுவதா?

பென் டிரைவோடுதான் போனேன். முதல் கிளப் செட்டுக்குத் தயாராகும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். ஆனால் கண்ட்ரோலர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எடை, தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பது, பார்க்க எப்படி இருக்கும் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். ஒலித்தரத்தையும் விட்டுவிடலாம். நல்ல 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அந்த இரைச்சலில் எதிலிருந்து ஓடுகிறது என்று ஆடுபவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

கண்ட்ரோலரின் உண்மையான பலம் கைப்பழக்கம். முதல் நாள் விரல் நடுங்கும்போது, எந்தப் பொத்தான் எங்கே என்று யோசிக்காமல் கை தானாகப் போவது பெரிய தைரியம். இரண்டு பாட்டுகளின் அலைவடிவமும் லேப்டாப் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். யாராவது வந்து ஒரு பாட்டுக் கேட்டால் தட்டச்சு செய்து தேடிவிடலாம். வீட்டில் இருக்கும் மொத்தச் சேகரிப்பும் கையில் இருக்கும். ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்து இன்னொரு பாட்டின் தாளத்தில் போடுவதுதான் உங்கள் பாணி என்றால், அதற்கு லேப்டாப் வேண்டும். சிடிஜே-3000இல்கூட அந்த வசதி கிடையாது.

இவ்வளவு இருந்தும் நான் மறுபக்கம் போனதற்கு ஒரே காரணம், ஒரு டிஜே முடித்து அடுத்தவர் தொடங்கும் அந்த ஐந்து நிமிடம்.

வீட்டில் பழகும்போது இந்த ஐந்து நிமிடம் நம் கணக்கிலேயே வராது. நாமே தொடங்குகிறோம், நாமே முடிக்கிறோம். கிளப்பில் நம் செட் வேறொருவரின் பாட்டிலிருந்து முளைக்க வேண்டும், பிறகு இன்னொருவரின் பாட்டுக்குள் கரைய வேண்டும். நடுவில் சத்தம் நிற்கக் கூடாது. முன்னவரின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் கருவி, எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரோடு இணைந்து தயாராக இருக்க வேண்டும்.

கண்ட்ரோலரோடு போனால் அந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். முதலில் இடம். டிஜே நிற்கும் பூத்தின் மேசையில் இரண்டு அல்லது நான்கு சிடிஜேக்களும் நடுவில் மிக்சரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மிச்சம் இருக்கிற ஓரத்தில் கண்ட்ரோலர், அதன் பின்னால் லேப்டாப். பிறகு மின்சாரம். எஃப்எல்எக்ஸ்4 லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாகத்தான் மின்சாரம் எடுக்கிறது, அதனால் லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடைத்தால் நல்லது. அப்புறம் ஒலி. எஃப்எல்எக்ஸ்4இல் ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு சிவப்பு வெள்ளை ஆர்சிஏ மட்டும்தான். அதை மிக்சரின் பின்பக்கத்தில், காலியாக இருக்கும் ஒரு சேனலில், சரியான துளையில் மாட்ட வேண்டும். பின்பக்கம் பெரும்பாலும் சுவரை ஒட்டி இருட்டாக இருக்கும். ஃபோன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேட வேண்டியதுதான்.

இது கற்பனை இல்லை. கிளப் வாய்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் கண்ட்ரோலரோடுதான் போயிருந்தேன். முன்னவர் முடிக்கப்போகிறார் என்ற அவசரத்தில் கேபிளை லைன் துளைக்குப் பதிலாக ஃபோனோ துளையில் மாட்டிவிட்டேன். ஃபோனோ என்பது இசைத்தட்டு இயக்கும் டர்ன்டேபிளுக்கானது. ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை மிக்சர் அங்கே பல மடங்கு பெருக்கும். கண்ட்ரோலரின் சிக்னல் ஏற்கெனவே வலுவானது என்பதால் முதல் பாட்டே கரகரவென்று உடைந்து வந்தது. கழற்றி, சரியான துளை தேடி, மறுபடி மாட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நாற்காலிக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப எழுப்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

முடிக்கும்போதும் இதே கதைதான். அடுத்தவர் தன் பாட்டை முழுவதுமாகக் கொண்டுவரும் வரை நம் கேபிளைத் தொட முடியாது. அதற்குப் பிறகும் அவர் வேலை செய்துகொண்டிருக்கும் மேசையில் கையை விட்டு எல்லாவற்றையும் உருவ வேண்டும். புதிதாக வந்திருக்கும் ஒருவர், அன்றைய முக்கிய டிஜேயின் முழங்கைக்குக் கீழே கேபிள் சுருட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அவர்கள் வாய்வழியாகத்தான் வருகிறது.

பென் டிரைவில் இதெல்லாம் ஒரு துளையில் முடிந்துவிடுகிறது. முன்னவர் ஒரு டெக்கில், அதாவது ஒரு சிடிஜேயில், ஓட்டிக்கொண்டிருப்பார், பக்கத்து டெக் காலியாக இருக்கும். அதில் செருகி, பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஹெட்ஃபோனில் கேட்டு, பீட் சேர்த்து (இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாக்கி) உள்ளே கொண்டுவந்தால் ஆயிற்று. டெக்குகள் லேன் கேபிளால் இணைக்கப்பட்டிருந்தால் ஒரே பென் டிரைவின் பாட்டுகள் எல்லா டெக்கிலும் தெரியும். எங்கே பிசகலாம் என்றால், அந்த இணைப்பு எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதனால் ஒரே பாட்டுகள் ஏற்றிய இரண்டு பென் டிரைவ்கள் வேண்டும். எடுக்கும்போது யுஎஸ்பி ஸ்டாப் பொத்தானை அழுத்திப் பிடித்து விளக்கு அணைந்த பிறகே உருவுங்கள். உங்கள் பென் டிரைவிலிருந்து எந்த டெக்கிலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் தொடவே தொடாதீர்கள்.

பூத்தில் இல்லாத வேலை வீட்டில் காத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டுகளை இழுத்துப் பென் டிரைவில் போட்டால் போதாது. ரெக்கார்ட்பாக்ஸ் என்ற மென்பொருளில் சேர்த்து, ஒவ்வொரு பாட்டையும் அலசவிட்டு, பிளேலிஸ்ட் அமைத்து, அங்கிருந்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்போதுதான் அலைவடிவம், கியூ புள்ளிகள் (பாட்டில் நாம் குறித்துவைக்கும் இடங்கள்), பீட் கோடுகள் (தாள அடிகளைக் காட்டும் கோடுகள்) எல்லாம் டெக்கில் வரும். இந்த எக்ஸ்போர்ட்டுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் என்றால் டெக் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தெரிவே நெடுங்காலமாக வருவதில்லை, அதனால் 32 ஜிபி வாங்கினால் தலைவலி இல்லை. ஒரு மணி நேர செட்டுக்கு அது தாராளம்.

கிளப்பில் எந்த மாடல் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிடிஜே-2000 வந்தது 2009இல், அதன் நெக்ஸஸ் வடிவம் 2012இல், நெக்ஸஸ் 2 வடிவம் 2016இல், சிடிஜே-3000 2020இல். முதல் இரண்டும் ஃப்ளாக் வகை ஒலிக் கோப்புகளைப் படிக்காது. முதல் மாடலில் தாளத்தைத் தானாக ஒன்றாக்கும் பீட் சிங்க் பொத்தானும் இல்லை. எம்பி3 மட்டும் எடுத்துப்போய், காதால் பீட் சேர்க்கப் பழகியிருந்தால் எது இருந்தாலும் சமாளிக்கலாம்.

நம் ஊர்ப் பாட்டு போடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. எண்பதுகளின் பல திரைப்பாடல்களில் தாளம் மனிதக் கையால் வாசித்தது, வேகம் மெல்ல ஏறி இறங்கும். ரெக்கார்ட்பாக்ஸ் சம இடைவெளியில் போடும் பீட் கோடுகள் அதில் உட்காராது. அலசும் முறையை டைனமிக் என்று மாற்றினால் ஓரளவு ஒட்டும், மீதியைக் கையால் நகர்த்த வேண்டும். குத்துப் பாட்டுகளில் பல சிக்ஸ் எய்ட் நடையில், ஆறு ஆறாக எண்ணும் தாளத்தில், போகும். மென்பொருள் நாலு நாலாகவே எண்ணுவதால் பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணை) தப்பாகக் காட்டிவிடும். திரையில் இருக்கும் எண்ணை நம்பி சிங்க் அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதிக்கும். நான் பன்னிரண்டு பழைய பாட்டுகளுக்குக் கோடு திருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான், பாட்டின் ஒவ்வொரு எலும்பும் தெரிந்துவிடும்.

சிடிஜே கையில் இல்லாமல் எப்படிப் பழகுவது என்பது நியாயமான கவலை. ஒன்றின் விலையே லட்சங்களில் இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோ ஒன்றில் இரண்டு இரண்டு மணி நேரமாக இரண்டு முறை போனேன். முதல் முறை ஜாக் சக்கரத்தின் அளவும் பிட்ச் ஸ்லைடரின் நீளமும் கையைக் குழப்பின. இரண்டாம் முறை பிளேலிஸ்டைத் திரையில் தேடும் வேகம் வந்துவிட்டது. அந்த நான்கு மணி நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. முன்பே கண்ட்ரோலரில் பழகாதவர்களுக்குப் போதுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. செராட்டோ மென்பொருளில் டைம்கோட் இசைத்தட்டு (லேப்டாப் பாட்டை டர்ன்டேபிளால் கட்டுப்படுத்த உதவும் தட்டு) வைத்துப் போடுகிறவர்களின் கணக்கும் வேறு. அதில் எனக்கு அனுபவம் இல்லை, அந்த வழியில் போகிறவர்களிடமே கேளுங்கள். நான் இதுவரை போட்டது மூன்று கிளப்களில்தான், அந்த அளவிலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிடிஜேயே இல்லாத சின்ன லவுஞ்ச், அல்லது இரவு முழுவதும் நீங்கள் ஒருவரே போடும் இடம் என்றால் கண்ட்ரோலரையே எடுத்துப்போங்கள். மாறும் நேரம் என்ற பிரச்சினையே அங்கே எழாது. சவுண்ட் செக்கிலேயே கேபிளை மாட்டி, லைன் துளைதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, சேனல் விளக்கு சிவப்புக்குப் போகாதபடி கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) வைத்துவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது இருபதுக்கு பூத்துக்குள் போனேன். முன்னவர் காலி டெக்கைக் கையால் காட்டினார். பென் டிரைவைச் செருகினேன், பிளேலிஸ்ட் வந்தது. அவருடைய பாட்டு 118 பிபிஎம்மில் ஓடிக்கொண்டிருந்தது. என் முதல் பாட்டை அதற்கு இழுத்து, ஹெட்ஃபோனில் இரண்டு முறை சரிபார்த்து, பேஸைக் குறைத்து உள்ளே விட்டேன். அவர் தன் பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனபோது, ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.