மாற்றாத டிஸ்க்குக்குக் கொடுத்த பணம்

சொரிமுத்து அய்யனார் கோயிலிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும்போதுதான் முதல் சந்தேகம் வந்தது. வளைவில் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் ஸ்டீயரிங் கையில் உதறியது. இப்போதுதான் கும்பிட்டுவிட்டு வந்த அய்யனாரை, பின்னிருக்கையிலிருந்து அம்மா மறுபடியும் கூப்பிடத் தொடங்கிவிட்டார். முன் பிரேக்கை முழுதாக மாற்றிப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. மாற்றியதாகப் பில் இருந்தது என்று சொல்வதே சரி.

திருநெல்வேலிப் புறவழிச் சாலையோரப் பட்டறை அது. பெயர் வேண்டாம்; பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். “டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன அண்ணாச்சி. இடது காலிப்பர் இறுகிக் கிடக்கிறது. மலைக்குப் போய்வருகிறவர் நீங்கள், யோசிக்காதீர்கள்” என்றார் உரிமையாளர். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பிரேக்கை மிதித்ததும் அதை இரு பக்கமும் பேட் என்ற கட்டைகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர். நான் யோசிக்கவில்லை. டிஸ்க் இரண்டு 6,800, காலிப்பர் ஒன்று 5,200, பேட் ஒரு செட் 2,400, கூலி 2,000. மொத்தம் 16,400 ரூபாய். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன், காலிப்பர் வெள்ளியாக மின்னியது. கழற்றிய பழைய சாமான் எங்கே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று விழுங்கிவிட்டேன்.

மலையிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் வீட்டு முற்றத்திலேயே கழற்றினேன். கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளை இளக்கி, பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை விடாதீர்கள், தாங்கியும் வேண்டும். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினேன். பின்னால் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளுக்கு ஸ்பானரில் குழாயைச் செருகி மிதிக்க வேண்டியிருந்தது. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிரேக்கில் பரிசோதனை வேண்டாம்.

அதன் பிறகு டிஸ்க் கையோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை விட்டு மாற்றி மாற்றி முறுக்கியபோது, ‘டக்’ என்ற சத்தத்தோடு துருச் செதில்கள் கொட்ட வெளியே வந்தது. பத்து வாரத்துக்கு முன் மாட்டிய டிஸ்க் இப்படி, சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. இதை ஒருவரும் கழற்றவே இல்லை.

விளிம்பில் விரலை ஓட்டினால் நகம் தட்டும் அளவுக்கு மேடு. பேட் படாத ஓரம் மட்டும் தேயாமல் நின்றதால் வந்த மேடு அது, புது டிஸ்க்கில் இருக்காது. விளிம்பில் ‘குறைந்தபட்சம் 20 மி.மீ.’ என்று வார்ப்பிலேயே பொறித்திருந்தது. பேட்டையில் லேத்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வெர்னியர் அளவுகோலோடு வந்து தடிமனை அளந்தார். இடது 18.8, வலது 19.1. “இதற்கு மேல் தேய்க்கவும் முடியாது, கடையவும் முடியாது” என்றார். தேய்ந்து ஏறுமாறாகிப் போன பழைய டிஸ்க்கின் மேல் புதுப் பேட்டை மட்டும் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டீயரிங் உதறாமல் என்ன செய்யும்?

காலிப்பர் கதை இன்னும் கேவலம். வெள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் துரு. கிழிந்த ரப்பர் உறையின் மேலும் அதே பெயின்ட். காலிப்பர் நகர்ந்துகொடுப்பதற்கான பின்கள் இரண்டும் கிரீஸ் இல்லாமல் வறண்டு இறுகிவிட்டன. அதனால் உள்பக்கப் பேட் பாதி தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது.

அன்று இரவு பில்லை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். காலிப்பரை மாற்றினால் ஹோஸைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பிரேக் ஆயில் ஒழுகும், காற்று புகும். புது ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றியாக வேண்டும். என் பில்லில் பிரேக் ஆயில் என்ற சொல்லே இல்லை. திருட்டு அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது, படிக்கத் தெரியாதவன் நான்தான்.

டிஸ்க்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். “பையன் மறந்திருப்பான்” என்று டிஸ்க்குக்கான 6,800 ரூபாயை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார் உரிமையாளர். அந்த அவசரமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. “காலிப்பர் புதிதுதான் அண்ணாச்சி, சாமி சத்தியம்” என்றார். அப்படியானால் பிரேக் ஆயில் எங்கே என்றேன். பையன் தரையைப் பார்த்தான். இவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். கழற்றும்போது படம் எடுக்காமல் விட்டது என் அடுத்த முட்டாள்தனம். நீங்கள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் இப்போது புது டிஸ்க், புதுக் காலிப்பர், வேறு பட்டறை, பழைய சாமானும் என் கையில். அந்த இரண்டு டிஸ்க்குகள் சாக்கோடு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் “போட்டுவிடட்டுமா?” என்று அம்மா கேட்கிறார். விசாரணை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.